சமாதானமாகப் போகிறோம்

ஓய்வுபெற்ற ஆசிரியர் சும்மாதானே இருக்கிறார் என்று ஊர்ச் சண்டைகளைப் பேசித் தீர்க்கும் இணக்க சபையில் என்னைச் சேர்த்தார்கள். எழுதும் வேலையையும் என் தலையிலேயே கட்டினார்கள். வாவிக்கு மேற்கே ஒரு பள்ளிக்கூடத்தில் சனிக்கிழமைகளில் கூடுவோம். வேலிச் சண்டை, மாடு வட்டைக்குள் இறங்கி நெல்லைத் தின்ற சண்டை, புருஷன் பெண்சாதி சண்டை, எதுவானாலும் கடைசி வரி ஒன்றுதான்: 'இரு தரப்பாரும் சமாதானமாகப் போகச் சம்மதிக்கிறோம்.' யாரும் மறுப்பதில்லை. சமாதானம் என்ற சொல்லில் அந்த வசதி உண்டு. யார் என்ன செய்தார் என்று அது கேட்காது. நானும் நேரத்தோடு மதியச் சாப்பாட்டுக்கு வீடு போய்ச் சேரலாம்.

போன வருடம் ஒரு பெண் மூன்றாவது தடவையாக வந்தாள். புருஷன் அடிக்கிறார் என்பதே மூன்று தடவையும் முறைப்பாடு. முந்திய இரண்டு தடவையும் அவர் தலையைக் குனிந்துகொண்டு கையெழுத்து வைத்துவிட்டுப் போனவர். இந்த முறை அவளுடைய இடது கையில் கட்டுப் போட்டிருந்தது. நான் வழக்கம்போல 'சமாதானமாக' என்று எழுதத் தொடங்கினேன்.

"சேர், அந்தச் சொல் வேணாம்," என்றாள். "இனி அடிக்கிறல்ல எண்டு எழுதுங்க."

"ரெண்டும் ஒண்டுதானே புள்ள," என்றார் சபைத் தலைவர். எனக்கும் அப்படித்தான் பட்டது. கொஞ்சம் எரிச்சலும் வந்தது. ஆனாலும் தாளைக் கிழித்துப் போட்டுவிட்டு, புதுத் தாளில் 'இனிமேல் என் மனைவியை அடிக்க மாட்டேன்' என்று எழுதி அவள் புருஷன் பக்கம் நீட்டினேன்.

அவர் பேனையை எடுத்தார். வாசித்தார். மறுபடியும் வாசித்தார். பேனையைக் கீழே வைத்தார்.

"இதில கையெழுத்து வச்சா, நான் அடிச்ச எண்டு ஆயிருமே சேர். பழையபடி சமாதானம் எண்டே எழுதுங்க. உடன வைக்கிறன்."

எங்கள் பக்கம் வீடு பெண்ணுக்குத்தான். கலியாணம் கட்டியவர் அங்கே வந்து குடியிருப்பவர்.

"அப்ப என்ட வீட்டுக்கு வராதீங்க," என்று சொல்லிவிட்டு அவள் எழுந்து போனாள்.

"நீங்களாவது சொல்லுங்க சேர்," என்று அவர் என்னைப் பார்த்தார். எனக்கு வெட்கமாக இருந்தது. இரண்டு தடவை அவரை அந்த வீட்டுக்குத் திருப்பி அனுப்பிவைத்தவன் நான்.