கால்வாய் போய்ச் சேர்ந்த இடம்

பெரியம்மா ஓசூரிலிருந்து வந்து எங்கள் ஊரில் ஆட்டோவை விட்டு இறங்கிய அந்த ஆடிப்பெருக்குக் காலையில், தென்பெண்ணையிலிருந்து நுரை பறந்துகொண்டிருந்தது. மேலே அணையில் மதகைத் திறந்திருந்தார்கள். கையளவு வெள்ளைத் துண்டுகள் ரோஜாத் தோட்டத்துக்கு மேலாக அவசரமில்லாமல் மிதந்து வந்து, அம்மா காயப்போட்டிருந்த புடவையில் உட்கார்ந்தன. ஒன்று பெரியம்மாவின் தோளில் இறங்கியது. அழகாக இருந்தது என்று சொல்லவே கூச்சமாக இருக்கிறது. வெயில் பட்டதும் அதற்குள் நீலமும் ஊதாவும் ஓடின. பெரியம்மா அதை விரலால் தொட்டு முகர்ந்து பார்த்தாள்.

ஆற்றில் கால் நனைத்து மஞ்சள் கயிறு மாற்றிக்கொள்ளத்தான் அவள் வருடந்தோறும் வருவாள். அன்று படியில் இறங்கப் போனவளை அம்மா கையைப் பிடித்து நிறுத்தினாள்.

"வேணாங்க்கா. நாங்க இப்பல்லாம் கால் வெக்கறதில்ல. அரிப்பெடுக்குது."

"எங்கிருந்து வருது இது?"

"பெங்களூர்ல இருந்துங்கறாங்க. உங்க ஊர்ல இருந்தும்தாங்கறாங்க. தண்ணிமேல பேரா எழுதியிருக்குது?"

பெரியம்மா படியிலிருந்து திரும்பினாள். சாப்பிடாமலே கிளம்பிவிட்டாள்.

ஓசூரின் விளிம்பில், கம்பெனி வேலைக்குப் போகிறவர்கள் வீடு கட்டிக்கொண்ட தெரு அவளுடையது. மழை வந்தால் எல்லா வீட்டுக் கழிவுநீரும் வாசலில் தேங்கும். ஷிஃப்டுக்குப் போகும் பெண்கள் யூனிஃபார்மைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு அதில் நடந்துதான் பஸ் பிடிப்பார்கள். குழந்தைகளுக்குக் காய்ச்சல் ஓயாது. ஆபீஸ் ஆபீஸாக ஏறி இறங்கி அந்தத் தெருவுக்குக் கால்வாய் கொண்டுவந்தவள் பெரியம்மாதான். வேலை முடிந்த அன்று தெருவுக்கே கேசரி கிண்டிக் கொடுத்தாள். நானும் சாப்பிட்டேன். அந்தக் கால்வாய் எங்கே போகிறது என்று அன்றைக்கு யாரும் கேட்கவில்லை.

ஆடிப்பெருக்கு முடிந்த ஞாயிற்றுக்கிழமை, ஓசூரிலேயே கல்லூரி விடுதியில் இருந்த என்னை அழைத்துக்கொண்டு, அவள் அந்தக் கால்வாயோரமாகவே நடந்தாள். கம்பெனிச் சுவர்களுக்குப் பின்னால், தைலமரத் தோப்பின் நிழலுக்குள், மறுபடி வெயிலுக்கு. வழியில் தெரியாத தெருக்களின் கால்வாய்களும் வந்து சேர்ந்துகொண்டன. தூக்கத்தில் நடப்பதுபோல இருந்தது. யாருமில்லாத இடத்தில் யார் யார் வீட்டுக் குளியல் சத்தமோ எங்களோடு கூடவே வந்தது. கடைசியில் ஒரு பாறையிடுக்கில் இறங்கி அது ஆற்றில் கலந்தது. சோப்புத்தூள் மணமும் அழுகிய வாடையும் ஒன்றாக வீசின. ஆற்று வளைவைத் தாண்டி எங்கள் ஊர்த் தென்னந்தலைகள் தெரிந்தன.

பெரியம்மா பாறையில் உட்கார்ந்தாள். பிறகு மெதுவாகச் சொன்னாள், "இதுக்கா கேசரி கிண்டிக் குடுத்தேன்."

தெருப் பெண்களைக் கூட்டிச் சொன்னாள். யாரும் சண்டைக்கு வரவில்லை. "அதுக்காக நாங்க மறுபடியும் சேத்துல நிக்கணுமாக்கா?" என்று மட்டும் எதிர்வீட்டுப் பெண் கேட்டாள். நிற்க வேண்டும் என்று பெரியம்மாவும் நினைக்கவில்லை. அவள் மறுபடி ஆபீஸுக்குப் போனாள். சுத்திகரிப்பு நிலையம் வரப்போகிறது என்றார்கள். அது வருகிறபோது வரட்டும் என்று, வாடகைக்கு அறை கட்ட விட்டிருந்த பின்பக்கத்து இடத்தில் ஆள் வைத்து உறிஞ்சுகுழி தோண்டினாள். கல்லும் மணலும் நிரப்பி, சுற்றிலும் கல்வாழை நட்டு, குளியலறை, சமையலறைத் தண்ணீரை அதற்குத் திருப்பினாள். கால்வாய்க்குப் போன குழாயின் வாயைத் தானே சிமெண்டு குழைத்து அடைத்தாள். தெருவில் சிரித்தார்கள். பிறகு ஓரிரு வீட்டில் அவர்களும் தோண்டினார்கள். அதற்குமேல் பரவவில்லை.

ஆடிப்பெருக்குக்குப் பிறகு அக்கா தங்கைக்குள் பேச்சு குறைந்திருந்தது. கல்வாழை பூத்த சமயம் அம்மா என்னோடு ஓசூருக்கு வந்தாள். வந்ததும் வராததுமாகப் பின்பக்கம் போனாள். "இதானா?" என்றாள். ஒரு வாளித் தண்ணீர் மொண்டு கற்கள்மேல் மெல்ல ஊற்றினாள். இருவரும் தோளுரச நின்று, அது இறங்குவதைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கடைசி ஈரமும் மண்ணுக்குள் போனதும் அம்மா, "டீ போடுக்கா" என்றாள்.

பெரியம்மா இப்போது இல்லை. அந்தக் கால்வாய் அதே பாறையிடுக்கில்தான் இன்னும் இறங்குகிறது. மதகு திறந்தால் நுரை எழும்புகிறது. பாலத்தில் வண்டியை நிறுத்திச் சிலர் போனில் படம் எடுக்கிறார்கள். போன மாதம் நானும் அம்மாவும் கரையில் நின்றிருந்தோம். வெள்ளைத் திட்டுகள் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு போய்க்கொண்டிருந்தன.

"எவ்வளவு அழுக்கும்மா" என்றேன்.

அம்மா கண்ணைச் சுருக்கிக் கொஞ்சநேரம் பார்த்தாள்.

"இதுல எங்கக்கா வூட்டுத் தண்ணி கெடையாது" என்றாள்.