எதற்கு நன்றி என்று கேட்ட அப்பா

எங்கள் அப்பா இறைவனில் இளைப்பாறி ஓராண்டு நிறைகிறது. இந்த நினைவு மலரைக் கையில் வாங்கும் உறவினரும் நண்பர்களும் முதலில் பார்ப்பது, கடைசிப் பத்தியில் தங்களுக்கு நன்றி சொல்லியிருக்கிறதா என்பதைத்தான். தெரியும், நானும் அப்படித்தான் பார்ப்பேன். அந்தப் பத்தியில் ஒருவரைச் சேர்ப்பதா வேண்டாமா என்று சில வாரமாகத் திண்டாடுகிறேன். அவர் என் தாய்மாமா.

அப்பா பரங்கிப்பேட்டையில் பிறந்தார். பிழைப்பு சிதம்பரத்தில், மாமாவோடு கூட்டாக நடத்திய மைக் செட் கடை. குடித்தனம் திருப்பாதிரிப்புலியூரில். ஊருக்கெல்லாம் சத்தம் கொடுத்தவர் வீட்டில் மெதுவாகத்தான் பேசுவார். ஆண்டின் கடைசி நாள் மாலை மட்டும், கோயிலுக்குப் புறப்படும் முன் எங்களை நிற்கவைத்து விசாரணை நடத்துவார். அந்த ஆண்டில் நன்மை செய்த ஒருவருக்கு நன்றி சொல்ல வேண்டும். எதற்கென்றும் சொல்ல வேண்டும்.

“ஏசப்பாவுக்கு நன்றி, எல்லாத்துக்கும்” என்பாள் தங்கை.

“எல்லாத்துக்கும்னா எதுக்கு? ஆண்டவருக்கே புரியாது பாப்பா.”

“பக்கத்து வீட்டு அக்காவுக்கு… எனக்குப் பேன் பாத்ததுக்கு.”

“அது நன்றி. புது வருசக் கேக்கை எடுத்துக்கிட்டுப் போயி அவுங்ககிட்டயே சொல்லு.”

நான் அப்போதே என்னை நகைச்சுவையாளன் என்று நம்பியிருந்தேன். “கணக்கு சாருக்கு நன்றி, மழைக்காலம் பூரா லீவு போட்டதுக்கு” என்றேன். அப்பா சிரிக்கவில்லை. “போயி அவருகிட்டயே சொல்லிட்டு வா” என்றார். போய்ச் சொன்னேன். என் கணக்கு மதிப்பெண்ணின் சரிவு அங்கிருந்து தொடங்குகிறது.

ஓர் ஆண்டு அப்பா மஞ்சள் காமாலையில் படுத்தார். தேறி எழுந்து சிதம்பரம் போனபோது கடை மாமாவின் பெயருக்கு மாறியிருந்தது. பலகையில் அப்பா பெயர் இல்லை. அதன் பிறகு அடுத்தவர் கடையில் ஆம்ப்ளிபயர் பழுதுபார்த்துத்தான் எங்களைப் படிக்கவைத்தார். அந்த டிசம்பரிலும் எங்களை நிற்கவைத்தார். அவரே முதலில் சொன்னார்:

“மச்சானுக்கு நன்றி. காமாலையில நான் கெடந்தப்ப வயல் வயலா அலைஞ்சி கீழாநெல்லி கொண்டாந்து குடுத்ததுக்கு.”

அம்மா எழுந்து உள்ளே போய்விட்டார். மாமா செய்தது துரோகம் என்று எனக்கு அந்த வயதிலேயே விளங்கியது. அப்பா செய்ததற்குத்தான் பெயர் தெரியவில்லை. எங்கள் பக்கம் நிற்க வேண்டியவர் அந்தப் பக்கம் போய் நின்றுகொண்டார் என்ற ஆற்றாமை இந்த நரைத்த வயதிலும் போகவில்லை.

சென்ற ஆண்டு அப்பா படுக்கையில் விழுந்ததும், மாமா தினமும் சிதம்பரத்திலிருந்து பஸ் ஏறி வந்து அவருக்குச் சவரம் செய்துவிட்டார். நான் முகம் கொடுத்துப் பேசவில்லை.

“மாமாகிட்ட நன்றி சொன்னியாடா?” என்று கேட்டார் அப்பா.

“எதுக்கு? பலகையில உங்க பேரை அழிச்சதுக்கா?”

“அதுக்கு எவன் சொல்லச் சொன்னான்? அதுக்கு நானே இன்னும் சொல்லல. மூஞ்சி சுத்தமா இருக்குதுல்ல, அதுக்குச் சொல்லு.”

நான் சொல்வதற்குள் அப்பா போய்விட்டார்.

எனவே: வலிக்காமல் ஊசி போட்ட செவிலியருக்கும், அடக்கத் திருப்பலியில் மறையுரையைச் சுருக்கமாக முடித்த பங்குத்தந்தைக்கும், கல்லறைத் தோட்டத்தில் தாங்கள் நனைந்து எங்களுக்குக் குடை பிடித்த தெருக்காரர்களுக்கும் நன்றி. மாமாவுக்கு, அப்பாவின் முகத்தைக் கடைசி நாள்வரை சுத்தமாக வைத்திருந்ததற்கு நன்றி. இந்த மலரை அவருக்குத் தபாலில் அனுப்பப்போவதில்லை. நானே சிதம்பரம் போய் நேரில் கொடுத்துச் சொல்வேன். கடையைப் பற்றியும் அவரிடம் சொல்ல வேண்டியது இருக்கிறது. அதை மலரில் அச்சடிக்க முடியாது.