அரக்குச் சிவப்பில் நாலு சொட்டு

என் வீட்டு வாசலில் சிவப்புச் சொட்டுகள் விழ ஆரம்பித்ததும், காரணம் யார் என்று தெருவே ஒரே குரலில் சொன்னது. தயாளன்.

பிள்ளையார்பாளையத்தில் வேறு யாரைச் சொல்வார்கள்? தெருக்கோடியில் அவருக்குச் சாயப்பட்டறை. அரக்குச் சாயத்தில் முக்கியெடுத்த பட்டு நூலை ஈரத்தோடு பக்கெட்டில் போட்டு, சைக்கிளில் மாட்டிக்கொண்டு, என் வாசல் வழியாகத்தான் காயப்போட எடுத்துப் போவார்.

நானும் அவரிடம் சொன்னேன். கொஞ்சம் காரமாகவே சொன்னேன் - கோலம் கெடுகிறது, செருப்பில் ஒட்டிக்கொண்டு வீட்டுக்குள் வருகிறது என்று.

தயாளன் குனிந்து பார்த்தார். "நம்ம சரக்கு மாதிரிதான் இருக்குது சார். பக்கெட்டு எங்கனா ஓட்டையா இருக்கும்" என்றார்.

அவ்வளவுதான். மூடி போட்ட புது பக்கெட் வாங்கினார். சொட்டு நின்றபாடில்லை. பிறகு எங்கள் தெருவையே விட்டுவிட்டு, பின்தெரு வழியாகச் சுற்றிப் போக ஆரம்பித்தார். அப்படியும் சொட்டு இருந்தது.

"ஆள் இல்லாத நேரமா பார்த்து இந்தப் பக்கமாத்தான் போறாரு சார்" என்றார் எதிர்வீட்டுக்காரர். நானும் தலையாட்டினேன். சந்தேகப்பட ஒரு ஆள் கிடைத்துவிட்டால், நாம் வேறு எங்கே பார்க்கிறோம்?

போன வாரம் எங்கள் தெருவில் பாவு. தறியில் ஏற்றும் முன் பட்டு நூலைத் தெரு நீளத்துக்கு இழுத்துக் கட்டிச் சரிபார்ப்பார்கள். அன்று காலை எந்த வண்டியும் தெருவில் நிற்கக் கூடாது. நானும் என் பழைய காரை - கிளட்ச் மிதிக்க முட்டி ஒத்துழைக்காததால் வாங்கிய ஆட்டோமேட்டிக் - வாசலிலிருந்து எடுத்தேன். இன்ஜின் உறுமியது; கார் கொஞ்சம் யோசித்துவிட்டுத்தான் நகர்ந்தது. வயசான வண்டி, அப்படித்தான் இருக்கும் என்று, ரேஷன் கடைத் தெருவில் கொண்டுபோய் நிறுத்தினேன்.

மதியம் எடுக்கப் போனால்... காருக்கு அடியில், சிமென்ட் தரையில், சிவப்பாக நாலு சொட்டு.

அந்தத் தெருவில் சாயப்பட்டறை கிடையாது. தயாளன் அந்தப் பக்கமே போவதில்லை. கார் ஒழுகினால் கறுப்பாகத்தான் ஒழுகும் என்று எனக்கு யார் சொன்னார்கள்?

ஏனாத்தூர் ரோட்டில் ஒர்க்‌ஷாப் வைத்திருக்கும் ஜான்சன் அடியில் படுத்துப் பார்த்தார்.

"கியர் ஆயிலு சார். ஆட்டோமேட்டிக்குக்கு இது செவப்பாத்தான் வரும். அடியில சட்டி மாதிரி இருக்குது பாருங்க, அது ஒழுகாம இருக்க சுத்தி வெக்கிற கேஸ்கெட் காஞ்சி போச்சு."

"கியர்பாக்ஸை இறக்கணுமா?"

"இப்ப வேணாம். கேஸ்கெட் மாத்தி, அளவு பார்த்து ஆயில் ஊத்திடறேன். சொட்டுதானேன்னு அப்படியே ஓட்டிக்கினு இருந்தீங்கன்னா, அப்புறம் இறக்க வேண்டியதுதான். இந்த ஆயிலு ஓட ஓட தீர்ந்து போறது இல்ல சார். கொறைஞ்சா எங்கியோ ஒழுகுதுன்னு அர்த்தம்."

சாயங்காலமே வேலை முடிந்தது. கார் யோசிக்காமல் நகர்ந்தது. எனக்குத்தான் தயாளன் பட்டறைக்குப் போகக் கால் வரவில்லை. வெட்கமாக இருந்தது. ஈர நூலின் கனத்தோடு அந்த மனிதர் தினமும் சுற்றிக்கொண்டு போனது என் காரால் அல்லவா?

போனேன். விஷயத்தைச் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். தயாளன் கையைத் துடைத்துக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தார். கோபப்படவில்லை, சிரிக்கவும் இல்லை.

"எங்கிட்ட சொல்லி இன்னா சார் பிரயோஜனம்? உன்னால தெருவுல தலைகாட்ட முடியலன்னு வீட்டுக்காரி தினமும் பேசிக்கினு இருக்குறா. நாலு பேர் கேக்கற மாதிரி நீங்களே வந்து சொல்லிடுங்க."

நியாயம்தானே? மறுநாள் காலை, குழாயடியில் கூட்டம் இருக்கும்போது போய்ச் சொன்னேன். தயாளன் மனைவி குடத்தை இறக்கி வைத்துவிட்டு முழுசாகக் கேட்டார். இப்போது தயாளன் பழையபடி எங்கள் தெரு வழியாகத்தான் போகிறார்.

எதிர்வீட்டுக்காரர் மட்டும் என்னைத் தனியே கூப்பிட்டு, தோளில் கை போட்டார். "உங்களுக்குப் பெரிய மனசு சார். அந்த ஆளுக்காக, பாவம்... உங்க கார் மேலயே பழியைப் போட்டுக்கினீங்க."