வெடிக்காத ஏழாவது குழி

கல்குவாரியில் வெடி வைக்கிறவனுக்குப் பாறையால் தொல்லையே இல்லை; அது சொன்ன பேச்சைக் கேட்கும், ஜனங்கள்தான் கேட்க மாட்டார்கள். எண்பதுகளில், பெருமுக்கல் தாண்டி ஒரு சின்ன ஊரில் எனக்கு அந்த வேலை. முதலாளிக்கும் ஊருக்கும் நடுவில் நின்று இரண்டு பக்கமும் வசவு வாங்கியவரா நீங்கள்? அப்படியென்றால் என் பாடு உங்களுக்குப் புரியும்.

விசில்

வெடிக்கு முன்னால் சிவப்புக் கொடி கட்டி மூன்று தடவை விசில் ஊத வேண்டும். பாறைமேல் யாராவது மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, காயவைத்தாலோ ஆடு மேய்த்தாலோ, எங்கள் மேனேஜர், "ஊதுய்யா, ஓடிடுவாங்க" என்பார். வெடியே வைக்காமல் நானும் ஊதுவேன். வெட்கக்கேடுதான், என்ன செய்ய!

இரண்டு வாரம் ஓடினார்கள். அப்புறம் ஒருத்தரும் அசையவில்லை. குவாரிக்குக் கீழே நிலம் வைத்திருந்த பச்சையம்மாக்கா, களை எடுத்த கையை நிறுத்தாமலே சொன்னாங்க: "ஊது ஊது, மூச்சு இருக்கிற வரைக்கும் ஊதிக்கினே இரு. எனக்கு வேல கெடக்குது."

கூடை

நிஜமாக வெடிக்கிற நாளில் அக்கா நிலத்தில் கல் வந்து விழும். செடி நசுங்கும். கிணற்றுச் சுவர் வேறு விரிசல் விட்டிருந்தது. மனு மேல் மனு கொடுத்தும் பதில் வரவில்லை.

ஒருநாள் விழுந்த கல்லையெல்லாம் கூடையில் தூக்கி வந்து மேனேஜர் மேஜைமேல் கொட்டிட்டாங்க. "இது எங்க கல்லுதான்னு என்ன சாட்சி?" என்றார் அவர். அக்கா கூடையைத் தட்டிக்கொண்டே சொன்ன பதில்: "நாங்க மல்லாட்டதான் சார் வெதைச்சோம். கருங்கல்லு வெதைக்கறது நீங்கதான்."

ஏழாவது குழி

பிறகு ஒருநாள் காலையில் ஏழு குழிக்குத் திரி வைத்தேன். ஆறு சத்தம்தான் கேட்டது. ஏழாவது எப்போது வேண்டுமானாலும் வெடிக்கலாம். கொஞ்ச நேரம் யாரும் கிட்டப் போகக் கூடாது. நான் கீழே கொடியோடு காவல் நிற்கிறேன். திரும்பிப் பார்த்தால், பாறையின் பின்பக்கமாக ஏறி இருபது பெண்கள், கூழ்த் தூக்கோடு, சரியாக அந்த இடத்திலேயே வட்டமாகக் குந்திவிட்டார்கள். இனி வெடிக்க விடமாட்டார்களாம். நடுவில் பச்சையம்மாக்கா.

"யக்கா, எழுந்திரிங்க! உள்ள மருந்து இருக்குது!" என்று கத்தினேன். எல்லாரும் சிரித்தார்கள். விசிலை ஊதினேன். இன்னும் சிரித்தார்கள். "மருந்தும் இல்ல மாயமும் இல்ல. நீ வந்து எங்க பக்கத்துல குந்து பாக்கலாம்" என்றாங்க அக்கா.

கால் நகரவில்லை. ஊதின பொய் விசிலெல்லாம் அப்போதுதான் உறைத்தது. முப்பத்திரண்டு வயசு ஆம்பிளை, அத்தனை பேர் பார்க்க, கையெடுத்துக் கும்பிட்டு ஓவென்று அழுதுவிட்டேன்.

அக்கா என் முகத்தையே பார்த்தாங்க. சட்டென்று எழுந்தாங்க. "மருந்தோடவே பொழைக்கிறவன்டி இவன். இவனே அழுவுறான்னா நெஜம்தான். ஜல்தி எறங்குங்க!"

கடைசிப் பெண் இறங்கித் தூரத்து மரநிழலுக்கு வந்த கொஞ்ச நேரத்தில் பாறை அதிர்ந்தது. குந்தியிருந்த இடம் தூளாகிப் பறந்தது. யாருக்கும் ஒரு கீறல் இல்லை. அப்பாடா! நான் அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டேன். அக்கா கேப்பைக் கூழை ஊற்றி நீட்டினாங்க. "குடி. நாளைக்கும் வந்து குந்துவோம். அதுக்குள்ள எல்லாக் குழியையும் நல்லாப் பாத்து வெச்சுடு."

உத்தரவு

சொன்னபடி மறுநாளும் வந்து உட்கார்ந்தார்கள். மூன்றாம் நாள் திண்டிவனத்திலிருந்து ஜீப் வந்தது. அதிகாரி என்னைத்தான் முதலில் விசாரித்தார், பொய் விசிலிலிருந்து என் அழுகை வரைக்கும் மறைக்காமல் சொல்லிவிட்டேன். நிலத்துப் பக்கம் இனி வெடியே கூடாதென்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். ஜீப் போனதும் மேனேஜர் என்மேல் பாய்ந்தார்: "நீ அழுததாலதான்யா எல்லாம் போச்சு!"

போகட்டும், பதினோரு வருஷ வேலையில் நான் ஒழுங்காகச் செய்த ஒரே பாதுகாப்பு ஏற்பாடு அந்த அழுகைதான்.