மேய்ப்பன்மேல் படிந்த கரி

தொண்ணூறுகளின் நடுவில், பலெர்மோவில் கபோ சந்தைக்குப் பின்னால் சிஞ்ஞோரா என்று நாங்கள் அழைத்த ஒரு முதிய இத்தாலிய அம்மாளின் வீட்டில் நானும் மனைவியும் வேலை செய்தோம். அறுபதைத் தாண்டிய எனக்குத் தூசி தட்டுவதே பெரும்பாடு. சாப்பாட்டறையில் பதினொரு படங்கள். பெரியது சிஞ்ஞோராவின் பாட்டனார் தமது நிலத்திலேயே வரைவித்தது. அறுவடை முடிந்த கோதுமை வயல், புழுதிப் பாதை, இருபத்துமூன்று ஆடுகள், தோளில் குட்டியைச் சுமந்து வரும் மேய்ப்பன். பத்தொன்பதாம் நூற்றாண்டு ஓவியர்கள் சிலர் அரசர்களையும் தேவதைகளையும் விட்டுவிட்டு, வயலுக்கே போய்க் கண்டவர்களைக் கண்டபடி வரைந்தார்கள் என்று படித்திருந்தேன். மனைவிக்கும் சொன்னேன்.

"தோளிலை ஆட்டுக்குட்டி. பிறகு ஆராம்?" என்றாள். மன்னாரில் அவள் வீட்டிலிருந்த நல்ல மேய்ப்பர் படத்திலும் ஆண்டவர் அப்படித்தானாம்.

"ஒளிவட்டம் எங்கையப்பா?" என்றேன்.

"உங்களுக்குத் தெரியாட்டி இல்லையோ?"

அந்த மாதம் எங்கள் பெர்மெஸ்ஸோ, இங்கே தங்குவதற்கான அனுமதி, முடியவிருந்தது. புதுப்பிக்க, எங்களுக்கு வேலை தந்திருப்பதாகச் சிஞ்ஞோரா எழுதித் தர வேண்டும். கேட்டால் "பார்ப்போம்" என்பார். எனக்கு நித்திரை போயிற்று. அவர் பகேரியாவுக்குத் தங்கையிடம் போகும் நாளெல்லாம் மனைவி படத்தின் கீழே மெழுகுதிரி கொளுத்தினாள். வேண்டாமென்று சொல்லிச் சொல்லிக் களைத்தேன்.

ஒரு நாள் சிஞ்ஞோரா நேரத்தோடு திரும்பிவிட்டார். திரி எரிந்துகொண்டிருந்தது. மேய்ப்பனுக்கு முழங்காலிலிருந்து நெற்றிவரை கரி.

"இது யாருக்கு?"

"மேய்ப்பருக்கு, சிஞ்ஞோரா. பெர்மெஸ்ஸோ கிடைக்க" என்றாள் மனைவி, தெரிந்த அளவு இத்தாலிய மொழியில்.

சிஞ்ஞோரா கதிரையில் அமர்ந்தார். "இவனுக்கா? பாட்டனாரின் மூன்று ஆடுகளை விற்றுவிட்டு, ஓநாய் தின்றது என்றவன் இவன்."

வேலை போயிற்று என்றே நினைத்தேன். "நாங்கள் போக வேண்டுமா?" என்று கேட்டேன்.

"போனால் கரியை யார் துடைப்பது? தண்ணீர் படக்கூடாது. பாண் ரொட்டியின் உள்ளே இருக்கும் மெத்தென்ற பகுதியால் ஒற்றியெடுங்கள். எழுத வேண்டிய தாளையும் கொண்டுவாருங்கள்."

அவர் எழுதிக் கையெழுத்திட்டுவிட்டுப் படுக்கப் போனார். நான் ஏணியில் நின்று பாணால் ஒற்றினேன். கழுத்து வலித்தது. கறுத்து விழுந்த துணுக்குகள் கால்பட்டுவிடாமல் மனைவி கையில் ஏந்தினாள்.

"பாத்தியளே, மேய்ப்பர் தந்திட்டார்."

"ஆட்டுக் கள்ளனெண்டு சிஞ்ஞோரா சொன்னது கேக்கேல்லையே?"

"ஓம். ஆண்டவருக்குப் பக்கத்திலை சிலுவையிலை தொங்கி மோட்சம் போனவனும் கள்ளன்தானே?"

வாதாட அலுப்பாக இருந்தது. இன்னும் முகம் முழுவதும் துடைக்கக் கிடந்தது.