அடுப்படியில் ஒரு குரல்

சாம்பார் அடிப்பிடித்த அன்று நான் மொட்டைமாடியில் இருந்தேன். காய்ந்த துணியை எடுக்கத்தான் போனேன். தொட்டிச் செடி வாடியிருந்தது. தண்ணீர் ஊற்றலாமென்று குழாயைத் திறந்தால் அதன் வாயில் பாசி. அதைச் சுரண்ட உட்கார்ந்துவிட்டேன். கீழே அடுப்பு எரிகிறது என்பதே என் நினைவில் இல்லை. பக்கத்து வீட்டு அக்கா கேட்டை உலுக்கிக் கத்திய பிறகுதான் ஓடினேன். ஜன்னல் திரை பொசுங்கி, சுவர் கரியேறியிருந்தது. அடுத்த அறையில் எங்கள் மகள் தூங்கிக்கொண்டிருந்தாள்.

என் கணவருக்குக் கத்தாரில் வேலை. நடந்ததைப் போனில் சொன்னேன். அடுத்த வாரம் ஓர் எலக்ட்ரீசியன் எங்கள் திருக்கோகர்ணத்து வீட்டுக்கு வந்து, அடுப்படி மூலையில் கேமரா ஒன்றை மாட்டிவிட்டுப் போனார். கத்தாரில் இருந்தபடியே என் கணவர் பார்க்கலாம், பேசலாம்.

"ஒன்ன சந்தேகப்பட்டு வைக்கலம்மா. பிள்ள இருக்குல்ல, எனக்குப் பயமா இருக்கு" என்றார்.

அவர் கெட்டவர் இல்லை. அந்தக் கேமராவால் பயனில்லாமலும் இல்லை. "பாலு பொங்குது, பாலு!" என்று தலைக்கு மேல் குரல் கேட்கும், ஓடிவந்து அடுப்பை அணைப்பேன். மாதக்கணக்கில் ஒரு பாத்திரம்கூடத் தீயவில்லை. அதனால்தான் என்னால் வாயைத் திறக்க முடியவில்லை.

பிறகு குரல் அடுப்பைத் தாண்டி வந்தது. "அந்தக் கதவ எதுக்குத் தெறந்து போட்டுருக்க?" "வெங்காயத்தப் பாதியில விட்டுட்டு எங்கிட்டுப் போன?" "என்ன யோசன? சும்மாவே நிக்கிற?" எப்போது பார்க்கிறார், எப்போது பார்க்கவில்லை என்று எனக்குத் தெரியாது. துடைத்த மேடையையே மறுபடி துடைத்தேன். சமைக்கும்போது பாடும் வழக்கம் நின்றது. அழுகை வந்தால் குளியலறைக்குப் போனேன்.

மணமேல்குடியிலிருந்து கருவாட்டுப் பையோடு வந்த மாமியார் கேமராவை அண்ணாந்து பார்த்தார். "ஏத்தா, கணக்கு டீச்சரா இருந்தவதான நீ? பாலப் பாத்து எறக்கத் தெரியலயா? அவன் அங்கிட்டு வேலயப் பாப்பானா, ஒன் அடுப்பப் பாப்பானா?"

கருவாட்டுப் பையை வாங்கி உள்ளே வைத்தேன். டீச்சர் வேலையை விட்டதும் இதனால்தான். பாடம் நடத்துவேன், பிள்ளைகளுக்கு என்னைப் பிடிக்கும். ஆனால் திருத்தாத விடைத்தாள் கட்டுகள் வீட்டு மூலையில் கிடக்கும். அவற்றைப் பார்த்துக்கொண்டே இருப்பேன், கை போகாது.

ஒருநாள் போனில் ஒரு வீடியோவில், கவனம் நிலைக்காத பெரியவர்களைப் பற்றி ஒரு பெண் மருத்துவர் பேசியதைக் கேட்டேன். யாரோ என் வீட்டுக்குள் இருந்து பார்த்துச் சொல்வது போல இருந்தது. சித்தி வீட்டு விசேஷம் என்று பொய் சொல்லி, மகளைப் பக்கத்து வீட்டு அக்காவிடம் விட்டுவிட்டு, திருச்சிக்குப் பஸ் ஏறினேன். அங்கிருந்த மனநல மருத்துவர் என் பள்ளிக்கூட நாட்களிலிருந்து விசாரித்தார். தொலைத்த டிபன் பாக்ஸ்கள், "கெட்டிக்காரி, கவனம்தான் பத்தல" என்ற பேச்சு, எல்லாவற்றையும் சொன்னேன்.

"இதுக்குப் பேரு ஏடிஹெச்டிம்மா, கவனம் ஒரு எடத்துல நிக்காத கோளாறு. சின்னப் பிள்ளைகளுக்கு மட்டும் வர்றது இல்ல. நீங்க சோம்பேறியும் இல்ல, பொறுப்பு இல்லாதவங்களும் இல்ல" என்றார். எதிரில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதேன். ஊர் திரும்பும்போது பஸ் ஜன்னலில் நார்த்தாமலைப் பாறைகள் தெரிந்தன. அன்று இரவே என் கணவரிடம் சொல்லிவிட வேண்டும், எல்லாம் மாறிவிடும் என்று நினைத்துக்கொண்டேன்.

சொன்னேன். பொய் சொல்லிப் போனதற்குக் கோபப்படவில்லை. பொறுமையாகக் கேட்டார்.

"பாவம்மா நீ. இம்புட்டு நாளா தெரியாமப் போச்சே" என்றவர், "அப்ப டாக்டரே சொல்லியாச்சு. கேமராவ எடுக்கவே கூடாது. ஹாலுக்கும் ஒன்னு போட்டுருவோமா?" என்றார்.

அவ்வளவு அன்பாகக் கேட்டார். "ஹாலுக்கு வேண்டாங்க" என்று மட்டும்தான் எனக்குச் சொல்ல வந்தது. அதற்குச் சம்மதித்தார்.

மாத்திரையால் ஓரளவு பலன் இருக்கிறது. எடுத்த வேலையின் முனை கையிலிருந்து நழுவுவது குறைந்திருக்கிறது. போன மாதம் ஒரு காலையில், மகள் எல்கேஜிக்குப் போன பின், ஸ்டூலில் ஏறிக் கேமராவின் மேல் ஒரு துண்டைப் போட்டேன். உடனே போன் அடித்தது.

"ஏன் இருட்டா இருக்கு?"

"நாந்தான் மூடுனேன். கொஞ்ச நேரம் என்னய விடுங்க."

"பிள்ள எங்க?"

"ஸ்கூலுக்குப் போயிருச்சு."

"சரி. பிள்ள வந்ததும் எடுத்துரு" என்றார்.

அடுப்பில் குழம்பு கொதித்தது. பாடிப் பார்க்கலாம் என்று நினைத்தேன். குரல் எழவில்லை. அடுப்பை விட்டு ஓர் அடி நகரவும் பயமாக இருந்தது. துண்டுக்குப் பின்னாலிருந்து அவர் கூப்பிடுவார் என்று காது அங்கேயே இருந்தது. அவர் கூப்பிடவில்லை. குழம்பும் தீயவில்லை. ஆனாலும் நான் அங்கேயே நின்றேன்.

மதியம் பள்ளி வேன் சத்தம் கேட்டதும் ஸ்டூலை இழுத்துப் போட்டுத் துண்டை எடுத்தேன். இப்போது தினமும் காலையில் மூடுவதும் மதியம் எடுப்பதும் அப்படித்தான் நடக்கிறது.

"வெந்துருச்சா?" என்று அன்று துண்டை எடுத்ததுமே மேலிருந்து கேட்டார்.

"வெந்துருச்சுங்க" என்றேன், நிமிர்ந்து பார்க்காமல்.