புளி போட்டுத் தேய்த்த ஹார்ன்

இந்த நினைவு மலரை வாங்கிப் பிரிக்கும் உறவினர்கள், நண்பர்கள் எல்லாருக்கும் எங்கள் குடும்பத்தின் வணக்கம். அக்கா எங்களை விட்டுப் போய் ஒரு வருடம் ஆகிவிட்டது. அவரைப் பற்றி நான்தான் எழுத வேண்டும் என்று அக்காவின் மகன் கேட்டுக்கொண்டான். கேட்ட கையோடு, "சுருக்கமா எழுதுங்க சின்னம்மா" என்றும் சொன்னான். நான் வாயைத் திறந்தால் லேசில் மூடமாட்டேன் என்பது அவனுக்குத் தெரியும். சுருக்கமாக எழுத நான் என்ன தந்தியா கொடுக்கிறேன்? கூடப் பிறந்தவரைப் பற்றி எழுதுகிறேன். பொறுத்துக்கொண்டு படியுங்கள்.

அக்கா பிறந்தது மலாயாவில், ஜாசின் பக்கம் ஒரு கித்தாத் தோட்டத்தில், அதாவது ரப்பர்த் தோட்டத்தில். வீட்டில் பெரியண்ணன் மூத்தவர், அடுத்து அக்கா, கடைசியில் நான். ஜப்பான்காரன் காலத்தில் சயாமுக்கு ரயில் பாதை போடக் கொண்டுபோன அப்பா திரும்பி வரவில்லை. அம்மாவும் காய்ச்சலில் போய்விட்டார். தோட்டப் பள்ளிக்கூடத்தை விட்டு அக்கா பால்மரம் சீவப் போனார். அந்த நாளில் எங்களுக்கு மரவள்ளிக்கிழங்குதான் சோறு. சட்டியில் அடிப்பிடித்ததை அக்கா தன் பக்கம் இழுத்துக்கொண்டு, "எனக்குக் கருகினதுதான் பிடிக்கும்" என்பார். பிற்காலத்தில் வசதி வந்தபின் தோசை ஓரம் கொஞ்சம் கருகினால்கூட அவர் தொடமாட்டார். அப்போதுதான் எனக்கு விஷயம் புரிந்தது.

சண்டை ஓய்ந்ததும் அத்தானுக்கு வாழ்க்கைப்பட்டு மலாக்காவுக்கு வந்தார். அத்தான் காடிகளுக்கு, அதாவது மோட்டார் கார்களுக்கு, மின்சார வேலை பார்ப்பவர். காஜா பேராங்கில் சடக்கோரமாக, ரோட்டைப் பார்த்தபடி பட்டறை, அதன் பின்னாலேயே வீடு. டைனமோ, ஹார்ன், விளக்கு எதுவாக இருந்தாலும் அத்தான் கைக்கு வந்தால் உயிர் வந்துவிடும் என்று பெயர் எடுத்திருந்தார். பிள்ளைகள் இரண்டு பேர் பிறந்தார்கள். நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. ஒரு நாள் பேட்டரி ஒன்று அவர் முகத்துக்கு நேரே வெடித்தது. திராவகம் பட்டு ஒரு கண் போய்விட்டது. மற்றதில் வெளிச்சம், நிழல் என்ற அளவுக்குத்தான் பார்வை மிஞ்சியது.

பெரியண்ணன் தோட்டத்திலிருந்து வந்தார். கெட்ட மனிதர் இல்லை. எதையும் முடிவு செய்தபின்தான் யோசிப்பார்.

"பட்டறைய மூடிட்டுத் தோட்டத்துக்கு வந்துடு. நீ மரம் சீவு, மாப்பிள்ளை லயத்து வீட்டுல இருக்கட்டும். சாப்பாட்டுக்கு நான் பொறுப்பு."

"அவரு லயத்துல உக்காந்துகிட்டு என்னண்ணே செய்வாரு?"

"உக்காந்துகிட்டு என்ன செய்ய, உக்காந்துகிட்டுதான் இருப்பாரு."

அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னார்: "அவரைக் கை கட்டி உக்கார வைக்க மாட்டேண்ணே. ஒரு வேலை வரட்டும். அது சரியா முடியலேன்னா நானே பெட்டியக் கட்டிக்கிட்டு வர்றேன்."

அந்த ஒரு வேலை கம்போங் செட்டியிலிருந்து வந்தது. மலாக்காச் செட்டிமார் நம்மைப்போலவே சாமி கும்பிடுவார்கள். வீட்டுப் பேச்சு மட்டும் மலாய். அங்கே ஒரு பெரியவர் வீட்டில், சண்டைக்கு முன்னால் அவர் தகப்பனார் வாங்கிய சீமைக் காடி ஒன்று மூலையில் கிடந்தது. ஜப்பான்காரன் ஓட்டிக்கொண்டு போய்விடக் கூடாது என்று அதன் மின்சாரச் சாமான்களையெல்லாம் அந்தத் தகப்பனார் கழற்றி ஒளித்து வைத்தாராம். பிறகு அவரும் இறந்துவிட, ஒளித்தவை எல்லாம் எங்கே போயின என்று யாருக்கும் தெரியவில்லை. அரிசிப் பானைக்குள் இருந்த ஹார்ன் மட்டும் மிஞ்சியது.

சுதந்திரம் வரப்போகிறது என்று பாடாங் என்கிற திடலில் அறிவித்த வருடம் அது. சுதந்திர நாளன்று அந்தக் காடியை ஓட்டிக்கொண்டு பாடாங்குக்குப் போகவேண்டும் என்று பெரியவருக்கு ஆசை. ஆனால் எதையாவது மாட்டி ஓட்டினால் போதாது. கப்பலிலிருந்து இறங்கிய அன்று எப்படி இருந்ததோ அப்படியே இருக்க வேண்டும். சரியாக வராவிட்டால் சிங்கப்பூருக்கு அனுப்பிவிடுவதாகவும் சொன்னார். ஹார்னை ஒரு கைலித் துணியில் பிள்ளையைச் சுற்றுவதுபோலச் சுற்றிக் கொண்டுவந்து அத்தான் மடியில் வைத்தார்.

இந்த வேலை எப்படிப்பட்டது என்று நான் சொல்லியாக வேண்டும். இல்லாவிட்டால் அக்கா பட்ட பாடு உங்களுக்கு விளங்காது. காடி முப்பத்தெட்டில் செய்தது. ஒவ்வொரு சாமானின் உடம்பிலும் அது செய்த மாதமும் வருடமும் சின்ன எண்களாகக் குத்தியிருக்கும். அந்தத் தேதி காடிக்குக் கொஞ்சம் முந்தியதாக இருக்க வேண்டும். பிந்தியிருந்தால், அது பின்னால் யாரோ மாட்டியது. மின்சார ஓயர் நூல் சுற்றியதாக இருக்க வேண்டும். பிளாஸ்டிக் உறை என்றால் சண்டைக்குப் பிறகு வந்தது. சாயமும் முலாமும்கூட அந்தத் தொழிற்சாலை பூசியதாகவே இருக்க வேண்டும். மங்கலாக இருப்பது மங்கலாகத்தான் இருக்க வேண்டும். குத்திய எண்ணை அத்தான் நகத்தால் தடவியே கண்டுபிடித்துவிடுவார். நிறம், முலாம், ஒட்டியிருக்கும் லேபிள் எல்லாம் பார்க்க அக்காவின் கண்தான் வேண்டும்.

பத்து பெரெண்டாம் என்ற ஊர்ப் பக்கத்துப் பழைய இரும்புக் கடைகளில் இருவரும் குவியல் குவியலாகக் கிளறினார்கள். நான் அப்போது செமாபோக்கில் வாழ்க்கைப்பட்டிருந்தேன். பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளப் பஸ் ஏறி வருவேன். வெயிலில் சிவந்து போய் வீடு திரும்பும் இவர்கள் பசியாறக்கூட மாட்டார்கள். முதலில் சாமானைத்தான் மேசைமேல் வைப்பார்கள்.

"ஓரத்துல என்ன நிறம்?"

"சாம்பல் மாதிரிங்க. மினுக்கலே."

"அப்ப நம்மளதுதான்."

புருசன் பெண்டாட்டி கொஞ்சிக்கொள்வதைப் பார்த்திருக்கிறேன். டைனமோவை நடுவில் வைத்துக்கொண்டு கொஞ்சியவர்களை அங்கேதான் பார்த்தேன்.

ஆயுத பூஜை வந்தது. எல்லாச் சாமானும் சேர்ந்துவிட்டது. இனி மாட்ட வேண்டியதுதான் பாக்கி. எங்கள் அக்கா சாமி விஷயத்தில் சுத்தமோ சுத்தம். அழுக்கோடு எதையும் சாமி முன்னால் வைக்கமாட்டார். குத்துவிளக்கைத் தேய்த்தார், தட்டைத் தேய்த்தார், ஸ்பேனர்களைத் தேய்த்தார். தேய்த்த வேகத்தில், பலகைமேல் இருந்த சாமான்களையும் கிணற்றடிக்குத் தூக்கிக்கொண்டு போனார். புளியும் செங்கல் தூளும் போட்டு நன்றாகத் தேய்த்துவிட்டார். டைனமோ கனமாக இருந்ததால் தப்பித்தது.

அத்தான் குளித்துவிட்டு வந்து, பூஜையில் வைத்திருந்ததை வழக்கம்போல் ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தார். இஞ்சினைப் பற்றவைக்கும் காயில்மேல் விரல் நின்றது.

"ஏம்மா, லேபிளக் காணோமே?"

அக்கா கற்பூரத் தட்டைக் கீழே வைத்தார். காயிலில் லேபிள் போய்விட்டது. ரெகுலேட்டர் பெட்டியில் சாம்பல் முலாம் போய்விட்டது. ஹார்னின் கறுப்புச் சாயம் ஏற்கெனவே உரிந்துகொண்டிருந்தது. மிச்சமும் வந்துவிட, உள்ளேயிருந்த பித்தளை தங்கம்போல மின்னியது. அதன் நெற்றியில் சந்தனமும் குங்குமமும் வேறு.

"தேச்சிட்டேங்க" என்றார். "சாமிக்குன்னு தேச்சிட்டேன்." சொல்லிவிட்டு அப்படியே உட்கார்ந்து அழுதார். அத்தான் ஹார்னை வெகுநேரம் தடவிக்கொண்டிருந்தார். கடைசியில், "எண்ணு இருக்கும்மா, அழியலே" என்றார். திட்டவே இல்லை. திட்டியிருந்தால் அக்காவுக்குக் கொஞ்சம் ஆறியிருக்கும்.

அன்று பெரியண்ணனும் பூஜைக்கு வந்திருந்தார். "இதுக்குப் போயி அழுவியா? கறுப்புச் சாயத்த வாங்கி ஒரு பூசு பூசிக் குடுத்துடு. செட்டி வீட்டுப் பெரியவருக்கு என்ன தெரியப் போவுது" என்றார்.

அக்கா எழுந்து நின்றார். நான் அவரை அப்படிப் பார்த்ததே இல்லை.

"எங்க வீட்டுக்காரருக்குக் கண்ணு தெரியாதுண்ணே. அவரு தொடுற சாமானப் பத்தி நான் சொல்றதுதான் அவருக்குக் கண்ணு. அதுல பூசி மறைக்கச் சொல்றியா?"

பெரியண்ணன் குனிந்து குத்துவிளக்குத் திரியைத் தூண்டிவிட்டார்.

அக்கா நெற்றிப் பொட்டோடு இருந்த ஹார்னை அதே கைலித் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு பெரியவர் வீட்டுக்கு நடந்தார். நானும் கூடப் போனேன். அக்கா மலாயில் பேசினாலும் பெரியவரை 'ஐயா' என்றுதான் கூப்பிடுவார். நடந்ததை ஒன்று விடாமல் சொன்னார். பெரியவர் ஹார்னை வாங்கிப் பார்த்தார். எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார். போச்சு, தோட்டத்துக்குப் பெட்டி கட்ட வேண்டியதுதான் என்று நான் நினைத்தேன். அக்காவும் அப்படித்தான் நினைத்திருப்பார். ஆனால் மறுநாள் காலையிலேயே அத்தானைக் கைப்பிடித்துக்கொண்டு பத்து பெரெண்டாமுக்குக் கிளம்பிவிட்டார்.

"வேலை இருக்கோ இல்லையோ தெரியலியே, எதுக்குக்கா இந்த வெயில்ல?" என்று கேட்டேன்.

"கெடுத்தது நானு. தேடித் தர்றதும் நானுதானே" என்றார்.

அலைந்து திரிந்து, லேபிள் கிழியாத காயில் ஒன்று கிடைத்தது. ரெகுலேட்டர் பெட்டி, ஓட்டம் நின்றுபோன பழைய டாக்சி ஒன்றில் கிடைத்தது. இரண்டிலும் எண் சரியாக இருந்தது. இந்த முறை அக்கா அவற்றை வெறும் துணியால்கூடத் துடைக்கவில்லை.

ஒரு சாயங்காலம் பெரியவர் வந்தார். கையில் ஹார்ன். அதை அத்தான் மடியில் வைத்துவிட்டு, "பியார்லா" என்றார். இப்படியே இருக்கட்டும் என்று அர்த்தம். "மற்றதெல்லாம் எங்கெங்கோ கிடைத்த சாமான், இது ஒன்றுதான் என் அப்பா கையால் ஒளித்து வைத்தது. பூஜைக்குத்தானே தேய்த்தாள், எங்கள் வீட்டிலும் சாமிக்கு எல்லாவற்றையும் தேய்ப்போம் என்று என் வீட்டுக்காரி சொல்கிறாள்" என்று மலாயில் மெதுவாகச் சொன்னார். அத்தோடு விடாமல், "இனிமேல் என் காடியைப் பூஜைக்குக் கூப்பிடாதே" என்றும் சொன்னார். அக்காவுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது.

சுதந்திர நாளில் அந்தக் காடி காஜா பேராங் சடக்கில் இறங்கியது. பெரியவர் ஓட்டினார். பக்கத்தில் அத்தான், பின்னால் பெரியவர் வீட்டு அம்மாளும் அக்காவும். ஜனங்கள் முன்விளக்குக்குக் கீழே மின்னிய ஹார்னைத்தான் பார்த்தார்கள். யார் செய்த வேலை என்று கேட்டவர்களுக்குப் பெரியவர் பட்டறையைக் கை காட்டினார். பட்டறை மூடவில்லை. அத்தான் கண்ணை மூடும்வரை கை கட்டி உட்காரவும் இல்லை. அந்த வரும்படியில்தான் பிள்ளைகள் படித்தார்கள், பேரப்பிள்ளைகளுக்குக் காது குத்தினார்கள், என் மகளின் கல்யாணமும் நடந்தது. பெரியண்ணனே கடைசிக் காலத்தில் அக்கா வீட்டில்தான் இருந்தார். அக்கா அவரிடம் பழையதை ஒரு நாளும் சொல்லிக் காட்டியதில்லை. எனக்குத்தான் வாய் துறுதுறுக்கும். அக்கா முறைப்பார்.

பித்தளை வருடத்தில் மங்கிவிடும் அல்லவா? அடுத்த ஆயுத பூஜைக்குப் பெரியவர் தானே காடியைக் கொண்டுவந்து வாசலில் நிறுத்தி, "ஹார்னை மட்டும் தேய்த்துக் கொடு" என்றார். அவருக்குப் பின் அவர் மகன் வந்தார். மகனுக்குப் பின் பேரன் வருகிறார். அக்கா மூட்டுவலியோடும் முக்காலி போட்டு உட்கார்ந்து தேய்ப்பார். கடைசியாகப் படுக்கையில் விழுந்தபோது அவர் அதிகம் பேசவில்லை. "புளி இருக்கா பாரு" என்று ஒரு நாள் கேட்டார். நாங்கள் குழம்புக்கு என்று நினைத்துக்கொண்டோம்.

அக்காவைக் கைக்குழந்தைபோலப் பார்த்துக்கொண்ட மருமகளுக்கும், ஆஸ்பத்திரித் தாதிமாருக்கும், மழையில் நின்று பந்தல் போட்ட பக்கத்து வீட்டு மலாய்ப் பிள்ளைகளுக்கும், தேவாரம் பாடிய கோயில் பெண்களுக்கும், தூரம் பாராமல் தோட்டத்திலிருந்து வந்த சொந்தங்களுக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது. பெயர் விடுபட்டவர்கள் என்னிடம் வந்து சண்டை போடலாம். சாப்பாடு போட்டு அனுப்புகிறேன்.

இன்னும் ஒருவருக்கு நன்றி சொல்ல வேண்டும். இந்த வருட ஆயுத பூஜைக்கு முந்திய நாள், செட்டி வீட்டுப் பேரன் காடியைக் கொண்டுவந்து வாசலில் நிறுத்திவிட்டு இறங்காமல் உட்கார்ந்திருந்தார். கேட்கத் தயக்கம். மருமகள் புளி கரைத்துக்கொண்டு வந்தாள். நான் அக்காவின் முக்காலியை எடுத்துப் போட்டு உட்கார்ந்து தேய்த்தேன். அக்கா கொண்டுவந்த மினுக்கம் வரவில்லை. அதைச் சொன்னேன். அவர் இறங்கி வந்து குனிந்து பார்த்துவிட்டு, "பியார்லா" என்றார். பிறகு காடியில் ஏறி, அக்கா வீட்டு வாசலில் ஒரு தடவை ஹார்னை அடித்துவிட்டுப் போனார்.